கடனை எழுதச் சொன்ன கருணையாளன்



அல்லாஹ் தன் அடியார்கள் மீது வைத்திருக்கும் அன்பைக் காட்டும் ஆயத்து எது என்று கேட்டால், நாம் எதைச் சொல்வோம்? வரம்பு மீறிய பாவிகளையும் தன் அடியார்கள் என்றே அழைத்து, ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று தேற்றும் ஆயத்தைச் சொல்வோம் (39:53). நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை நோக்கி, நீர் திருப்தி அடையுமளவு உம் இறைவன் வழங்குவான் என்று வாக்களிக்கும் ஆயத்தைச் சொல்வோம் (93:5). கொடுக்கல் வாங்கலைப் பற்றிய சட்டம் ஒன்றை இந்த வரிசையில் வைக்க நம்மில் எவருக்கும் தோன்றாது. சட்டம் என்றாலே கண்டிப்பு, அன்பு என்றாலே மன்னிப்பு என்று இரண்டையும் வெவ்வேறு அறைகளில் பூட்டி வைத்துப் பழகிவிட்டோம்.

முன்னோர்களான நம் இமாம்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 911-இல் (கி.பி. 1505) வஃபாத்தானவர்கள். 'அல் இத்கான்' என்னும் தங்கள் நூலில், திருக்குர்ஆனிலேயே மிகுதியாக நம்பிக்கையூட்டும் ஆயத்து எது என்ற கேள்விக்கு அறிஞர்கள் தந்த பத்துக்கும் மேற்பட்ட விடைகளை அவர்கள் தொகுத்திருக்கிறார்கள். மேலே நாம் சொன்ன இரண்டு ஆயத்துகளும் அதில் உண்டு. அவற்றோடு, நம்மை வியப்பில் ஆழ்த்தும் இன்னொரு விடையும் உண்டு. அதுதான் கடன் ஆயத்து, அதாவது அல்பகரா சூராவின் 282-ஆவது ஆயத்து!

காரணம் என்ன? தன் அடியார்களின் உலக நலனில் அல்லாஹ் எவ்வளவு கவனம் செலுத்துகிறான் பாருங்கள். கடன் சிறியதோ பெரியதோ, அதைக் குறித்து வையுங்கள் என்று சொல்லித் தருமளவுக்கு அவன் அக்கறை காட்டுகிறான். நம்முடைய சில்லறைக் காசு தொலைந்து போவதைக்கூடப் பொறுக்காதவன், நம்மையே தொலைத்துவிடுவானா? இதுவே அந்த அறிஞர்கள் கண்ட கருத்து. சட்டத்தின் வழியாகவே அவர்கள் அன்பைக் கண்டார்கள். அந்த ஆயத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஆயத்து அமைந்துள்ள இடம்

திருக்குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து இதுவே. மதீனா பதிப்பு முஸ்ஹஃபில் ஒரு பக்கம் முழுவதையும் இந்த ஓர் ஆயத்தே நிரப்பி நிற்கிறது. தொழுகைக்கோ நோன்புக்கோ ஹஜ்ஜுக்கோ இவ்வளவு நீண்ட தனி ஆயத்து இல்லை. இரண்டு மனிதர்களுக்கிடையே கைமாறும் பணத்துக்கு இருக்கிறது!

அது அமர்ந்திருக்கும் வரிசையும் கவனிக்கத்தக்கது. 261-ஆவது ஆயத்திலிருந்து தருமத்தைப் பற்றிய பேச்சு நடக்கிறது. 275-இலிருந்து வட்டி தடுக்கப்படுகிறது. 280-இல், கடன்பட்டவன் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவனுக்குத் தவணை கொடுக்க வேண்டும், தள்ளுபடி செய்துவிடுவது அதைவிடச் சிறந்தது என்று சொல்லப்படுகிறது. 281-இல், எல்லோரும் அல்லாஹ்விடம் மீண்டு செல்லும் நாளைப் பற்றிய எச்சரிக்கை. (குர்ஆனில் இறுதியாக இறங்கியது இந்த 281-ஆவது ஆயத்தே என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதாக ஓர் அறிவிப்பு உண்டு.) அதை அடுத்துத்தான் கடனை எழுதும் சட்டம் வருகிறது.

இந்த வரிசை நமக்கு ஒன்றைக் கற்றுத் தருகிறது. முடிந்தவன் தருமம் செய்யட்டும். தருமம் செய்ய மனம் வராதவன் வட்டியில்லாமல் கடனாவது கொடுக்கட்டும். கடன் கொடுத்தவன் நெருக்காமல் இருக்கட்டும். இரு தரப்பாரும் மறுமையை நினைக்கட்டும். அதற்குப் பிறகு பேனாவை எடுத்து எழுதட்டும். வட்டியைத் தடுத்த இறைவன், வட்டியில்லாக் கடன் தழைப்பதற்கு வேலியும் கட்டித் தருகிறான். கொடுத்த பணம் திரும்பி வராது என்ற பயம் ஊரில் பரவிவிட்டால் கைமாற்றுக் கொடுக்க யார் முன்வருவார்? ஏழை அப்போது வட்டிக்கடை வாசலில்தானே போய் நிற்பான்?

ஒவ்வொருவர் பக்கமும் நின்று பேசும் சட்டம்

இந்த ஆயத்தில் வரும் மனிதர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பாருங்கள். அல்லாஹ் அவரவர் பக்கத்தில் நின்று பேசுவதைக் காண்பீர்கள்.

முதலில் கடன் கொடுத்தவர். அவருடைய பொருள் அழியக்கூடாது. அதனால் தவணையைக் குறிப்பிட்டு எழுத வேண்டும், சாட்சி வைக்க வேண்டும். பயணத்தில் எழுத ஆள் கிடைக்காவிட்டால் அடைமானம் பெற்றுக்கொள்ளலாம் (2:283).

அடுத்து கடன் வாங்கியவர். வாசகத்தைச் சொல்லும் உரிமையை ஆயத்து யாரிடம் கொடுக்கிறது தெரியுமா? கடன் கொடுத்தவரிடம் அல்ல, கடன் வாங்கியவரிடம்! பொறுப்பு யார் மீது இருக்கிறதோ அவரே சொல்ல, எழுத்தர் எழுத வேண்டும். நம் நாட்டில் நடப்பது என்ன? பணம் வைத்திருப்பவர் நீட்டிய வெற்றுப் பத்திரத்தில், தேவைப்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார். பிறகு அதில் எந்தத் தொகை ஏறும் என்பது அவருக்கே தெரியாது. ஷரீஅத்து இதைத் தலைகீழாக மாற்றுகிறது. கை தாழ்ந்திருப்பவனின் வாயில் வார்த்தையைக் கொடுக்கிறது. கூடவே, ரப்பை அஞ்சி எதையும் குறைத்துச் சொல்லாதே என்று அவனுக்குக் கட்டளையும் இடுகிறது.

மூன்றாவது, தானே சொல்ல இயலாதவர். கடன்பட்டவர் விவரம் அறியாதவராகவோ பலவீனராகவோ இருக்கலாம். அவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். சிறுவர்களையும், நோயால் நினைவு தளர்ந்த முதியவர்களையும் இந்தச் சட்டம் மறந்துவிடவில்லை.

நான்காவது எழுத்தர். அன்றைய அரபு நாட்டில் எழுதத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. எழுத்தறிவு அல்லாஹ் கற்றுக்கொடுத்தது. ஆகவே கேட்டால் மறுக்கக்கூடாது என்று அவருக்கு நினைவூட்டப்படுகிறது. ஐந்தாவது சாட்சிகள். அழைத்தால் அவர்கள் வர மறுக்கக்கூடாது. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்தில் வீழ்ந்தது என்கிறது அடுத்த ஆயத்து. இந்த இருவருக்கும் கடமையை மட்டும் சுமத்திவிட்டு அல்லாஹ் விட்டுவிடவில்லை. எழுத்தருக்கோ சாட்சிக்கோ தொல்லை தரக்கூடாது என்றும் தடுத்திருக்கிறான். பிறருக்காகச் சாட்சிக் கையெழுத்திட்டுவிட்டு, இரு தரப்பாரின் பகையையும் சம்பாதித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! அவர்கள் மீதும் ரஹ்மானின் பார்வை இருக்கிறது.

இரண்டு ஆண்கள் கிடைக்காதபோது ஓர் ஆணும் இரண்டு பெண்களும் சாட்சியாக வேண்டும் என்பதன் காரணத்தையும் ஆயத்தே சொல்கிறது. ஒருத்தி தவறினால் மற்றவள் நினைவூட்டுவாள் என்பதே அது. இது கொடுக்கல் வாங்கல் பற்றிய ஏற்பாடு. பிரசவம், பால்குடி போன்ற விஷயங்களில் பெண்கள் மட்டுமே சொல்லும் சாட்சியத்தை ஃபிக்ஹு நூல்கள் ஏற்கின்றன என்பதையும் சேர்த்து அறிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, அன்றாட வியாபாரி. கையில் காசு, கையில் சரக்கு என்று உடனுக்குடன் முடியும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்று அவருக்குச் சலுகை தரப்படுகிறது. சந்தையில் காய்கறி விற்பவரிடம் போய், ஒவ்வொரு கட்டுக் கீரைக்கும் சீட்டு எழுது என்று மார்க்கம் சொல்லவில்லை. தேவையான இடத்தில் இறுக்கமும் தேவையற்ற இடத்தில் தளர்வும் காட்டுவது, அடியானை அறிந்தவனின் சட்டத்துக்கு அடையாளம்.

"காக்காவிடம் எப்படி எழுதிக் கேட்பது?"

இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டவுடன் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி இது. கூடப் பிறந்த காக்கா, பெண் கொடுத்த மச்சான், ஒரே ஸஃப்பில் நின்று தொழும் நண்பர். இவர்களிடம் சீட்டுக் கேட்டால் நம்பிக்கை இல்லை என்றல்லவா ஆகும்?

எழுதுவதற்கு ஆயத்து மூன்று நன்மைகளைச் சொல்கிறது. அது அல்லாஹ்விடத்தில் மிக நீதியானது. சாட்சியத்துக்கு மிக உறுதியானது. நீங்கள் சந்தேகத்தில் விழாமலிருக்க மிக நெருக்கமான வழி. மூன்றாவதை ஊன்றிக் கவனியுங்கள். எழுதச் சொல்வது சந்தேகத்தினால் அல்ல, சந்தேகம் வந்துவிடக்கூடாது என்பதற்காக! கொடுத்தவர் ஐம்பதாயிரம் என்கிறார். வாங்கியவர் நாற்பதாயிரம் என்கிறார். இருவரும் பொய்யர்கள் அல்லர், இருவருக்கும் மறதி. நடுவில் ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் மறதி மறதியாகவே போயிருக்கும். இல்லாததால் அது துரோகமாகத் தெரிகிறது. ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவர்கள் பெருநாள் அன்றும் முகம் பார்க்காமல் போகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. எழுதுவது கட்டாயக் கடமையா? இமாம் தபரீ (ரஹ்) போன்ற சிலர் வாஜிப் என்றார்கள். ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் உள்ளிட்ட பெரும்பான்மையோர், இது விரும்பத்தக்கது, வாஜிப் அல்ல என்றார்கள். ஒருவரையொருவர் நம்பினால், நம்பப்பட்டவர் அமானிதத்தை ஒழுங்காக நிறைவேற்றட்டும் என்று 283-ஆவது ஆயத்து இடம் கொடுப்பது அவர்களின் ஆதாரம். இத்தகைய கட்டளைக்கு உஸூல் நூல்களில் 'இர்ஷாத்' என்று பெயர். அடியானின் உலக நன்மைக்காக வழிகாட்டும் கட்டளை என்பது பொருள். மீறினால் தண்டனை என்று மிரட்டாமல், கேட்டால் உனக்கு நல்லது என்று சொல்லும் குரல் அது. மகன் வெளியூர் புறப்படும்போது, பணத்தைப் பத்திரமாக வை, சீட்டு வாங்க மறக்காதே என்று வாசல்வரை வந்து சொல்லும் தகப்பனின் பேச்சை நாம் சந்தேகம் என்போமா? அன்பு என்போமா?

நபி (ஸல்) அவர்களின் வாழ்விலே

ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்குள்ளோர் ஓராண்டு ஈராண்டு கழித்துக் கிடைக்கும் கனிகளுக்கு முன்பணம் கொடுத்து வந்தனர். இதற்கு 'ஸலம்' என்று பெயர். அண்ணலார் அதைத் தடுக்கவில்லை. அளவு தெரிந்திருக்கட்டும், எடை தெரிந்திருக்கட்டும், தவணை தெரிந்திருக்கட்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். விவசாயிக்கு முன்பணமும் கிடைத்தது, சண்டையும் ஒழிந்தது. கடன் ஆயத்தை இந்த ஸலம் வியாபாரத்தோடு இணைத்தே இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

அண்ணலார் வஃபாத்தானபோது (ஹிஜ்ரி 11, கி.பி. 632) அவர்களின் போர்க்கவசம் ஒரு யூதரிடம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக அடைமானத்தில் இருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கேட்டால் உயிரையே கொடுக்கத் தோழர்கள் இருந்தும், ஈடு வைத்துக் கடன் வாங்கினார்கள் அகிலத்தின் அருட்கொடை! ஈடு கொடுப்பதும் எழுதிக் கொடுப்பதும் மானக்கேடு என்றால் அவர்கள் செய்திருப்பார்களா?

கண்டிப்பான இடங்களையும் பார்ப்போம். வட்டியை விடாதவர்களுக்கு எதிராக அல்லாஹ்வும் ரஸூலும் போர் அறிவிப்பதாக வருகிறது (2:279). அன்பு மயமான மார்க்கத்தில் இவ்வளவு கடுமையா என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கடுமை யாரைக் காப்பதற்கு என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டின் இறுதி ஹஜ்ஜில் அறியாமைக்கால வட்டியை ரத்துச் செய்த நபி (ஸல்) அவர்கள், முதலில் ரத்துச் செய்தது தங்கள் சொந்தச் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியைத்தான்.

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. மூன்று தீனார் கடன். அடைக்க எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஒதுங்கினார்கள். உடனே அபூகதாதா (ரலி) அவர்கள், அந்தக் கடன் என் பொறுப்பு என்று முன்வந்தார்கள். அதன் பிறகே அண்ணலார் தொழவைத்தார்கள். கண்டிப்பு என்ன செய்தது பாருங்கள்! கடன் கொடுத்தவருக்குப் பணம் கிடைத்தது. மய்யித்துக்கு நாயகத்தின் துஆ கிடைத்தது. அபூகதாதாவுக்கு நற்கூலி கிடைத்தது. பின்னர் வெற்றிகள் கிடைத்துப் பொருள் பெருகியபோது, கடனோடு மௌத்தாகும் முஃமினின் கடன் என் மீது என்று அண்ணலார் அறிவித்துவிட்டார்கள். கடனாளிகளை ஸகாத் பெறும் எட்டு வகையினருள் ஒருவராகவும் அல்லாஹ் வைத்திருக்கிறான் (9:60).

நம் வீடுகளில் செய்ய வேண்டியவை

இந்த ஆயத்தை ஓதி முத்தமிட்டு மூடிவிடாமல், நம் வீடுகளில் நடைமுறைக்குக் கொண்டுவருவோம்.

வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பிய பணத்தில் ஊரில் வீடு எழும்புகிறது. வங்கிக் கணக்கில் தொகையும் தேதியும் இருக்கும். அது கடனா, அன்பளிப்பா, வீட்டில் பங்கா என்பது வங்கிக்குத் தெரியாது. கைப்பேசியில் நொடியில் பணம் அனுப்பும் இக்காலத்தில், எதற்காக அனுப்பினோம் என்று கூடவே நான்கு வரி எழுதி அனுப்புவதில் என்ன சிரமம்?

நாத்தனாரின் நகையை இரவலாக வாங்கி அவசரத்துக்கு விற்றுவிடுகிறோம். சில ஆண்டுகளில் தங்கத்தின் விலை எங்கோ போய்விடுகிறது. திருப்பித் தரவேண்டியது அதே எடையுள்ள தங்கமா, அன்றைய விலையா? வாங்கும்போதே எத்தனை கிராம், எதைத் திருப்பித் தருவது என்று எழுதிக்கொண்டால் இரண்டு குடும்பங்கள் பிழைக்கும்.

மனைவிக்குக் கொடுக்காமல் பாக்கி வைத்த மஹரும் கடன்தான். அதை எழுதி வையுங்கள். கணவன் மௌத்தானால், வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்கும் முன் இதர கடன்களோடு அந்த மஹரும் சொத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும். கடனும் வஸிய்யத்தும் போகத்தான் பாகப்பிரிவினை என்பது குர்ஆனின் கட்டளை (4:11, 12). வஸிய்யத்துச் செய்யவேண்டிய விஷயம் உள்ளவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பதும் தகாது என்பது இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. வாப்பா யாருக்கு எவ்வளவு தரவேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்பது தெரியாமல், இத்தாவில் அமர்ந்திருக்கும் உம்மா தவிக்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் அந்தத் தவிப்பைத் தீர்த்துவிடும்.

சீட்டு இல்லை என்பதனால் கடன் இல்லாமல் போய்விடாது என்பதையும் கடன் வாங்கியவர்கள் மறக்க வேண்டாம். இந்தியாவில் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கடனுக்காக வழக்குத் தொடரப் பொதுவாக மூன்றாண்டுதான் கெடு. கெடு தாண்டினால் கோர்ட்டில் தப்பிக்கலாம். ரப்பின் சன்னிதியில் அந்தக் கெடு செல்லாது. ஷஹீதுக்கு எல்லாப் பாவமும் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்பது நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. வசதியிருந்தும் இழுத்தடிப்பதை அவர்கள் அநியாயம் என்றே சொன்னார்கள்.

எழுதியதை அழித்த கை

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பத்ருப் போரில் கலந்துகொண்ட நபித்தோழர் அபுல் யஸர் (ரலி) அவர்கள், தமக்குத் தரவேண்டிய கடனைக் கேட்டு ஒருவர் வீட்டுக்குப் போனார்கள். வீட்டில் இல்லை என்றார்கள். பருவம் எட்டாத மகன் வெளியே வந்தபோது, வாப்பா எங்கே என்று கேட்டார்கள். உங்கள் சத்தத்தைக் கேட்டதும் உம்மாவின் கட்டில் பக்கம் போய் ஒளிந்துகொண்டார் என்று குழந்தை உண்மையைச் சொல்லிவிட்டது. கடன்பட்டவர் வெளியே வந்தார். நபித்தோழரான தங்களிடம் பொய் பேசவும் வாக்களித்து மாறவும் அஞ்சினேன். கையில் ஒன்றுமில்லாத நிலையில் இருக்கிறேன் என்றார். அல்லாஹ்வின் மீது ஆணையாகவா என்று அபுல் யஸர் (ரலி) திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவரும் ஆம் என்றார். கடன் எழுதிய ஏட்டை வரவழைத்துத் தம் கையாலேயே அழித்தார்கள். வசதி வந்தால் கொடு, வராவிட்டால் உனக்கு அது ஹலால் என்று சொல்லிவிட்டார்கள். சிரமப்படுபவனுக்குத் தவணை கொடுப்பவனையோ கடனைத் தள்ளுபடி செய்பவனையோ அல்லாஹ் தன் நிழலில் வைப்பான் என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களிடமிருந்து தம் கண்ணால் கண்டு, காதால் கேட்டு, உள்ளத்தில் பதித்தவர்கள் அவர்கள்.

எழுதச் சொன்ன 282-ஆவது ஆயத்தும், விட்டுக்கொடுக்கச் சொன்ன 280-ஆவது ஆயத்தும் அந்த ஓர் ஏட்டிலேயே நிறைவேறிவிட்டன. எழுதியிருந்ததால், இருவருக்கும் இடையே எவ்வளவு என்ற தர்க்கம் எழவில்லை. எழுதியிருந்ததால்தான், விட்டுக்கொடுத்ததை இருவரும் கண்ணால் கண்டார்கள். எழுதாத கடனை யாரால் அழிக்க முடியும்? அது மனதின் ஓரத்தில் கசப்பாகக் கிடந்துகொண்டே இருக்கும்.

ஆகவே சகோதரர்களே, சகோதரிகளே! இன்றிரவு இஷாவுக்குப் பின் குடும்பத்தோடு அமருங்கள். கொடுத்தது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு, பாக்கி மஹர் எவ்வளவு என்று எழுதுங்கள். எழுதிய பட்டியலில் உண்மையிலேயே முடியாதவர் யாராவது இருந்தால், அவர் பெயருக்கு நேரே பேனா சற்று நிற்கட்டும். அந்த இடத்தில் என்ன செய்வது என்று அபுல் யஸர் (ரலி) அவர்கள் நமக்குக் காட்டிச் சென்றிருக்கிறார்கள்.

எழுதும் கைக்கு நேர்மையையும், அழிக்கும் கைக்குத் தாராளத்தையும், கடன்பட்டோருக்கு அதை அடைக்கும் வழியையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.